எடுத்தவர் நிரப்பி வைக்கவும்

எங்கள் வீட்டில் யாருடைய வியாதிக்கும் குடும்பக் கூட்டம் போட்டது கிடையாது. என் மகள் சிட்டுவுக்கு நாலு வயதில் வலிப்பு ஆரம்பித்தபோது போடவில்லை. ஒரு மருந்து போய் இன்னொரு மருந்து வந்து, அதுவும் கேட்காமல், பிள்ளை பாதி நாள் மயக்கத்திலும் மீதி நாள் தரையிலுமாகக் கிடந்தபோதும் யாரும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரவில்லை. அவளுக்கு ஏழு வயது ஆனபோது நரம்பு டாக்டர் ஒரு புது மருந்து எழுதினார். அது கஞ்சாச் செடியிலிருந்து எடுத்தது என்று நான் வாயைத் திறந்து சொன்னேன். அன்று சாயங்காலமே கூட்டம் கூடிவிட்டது.

தலைமை, என் கணவரின் அண்ணன். நான் அவரை மாமா என்று கூப்பிடுவேன். அக்கம்பக்கத்தில் விசில் சார். பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலையிலிருந்துதான் ஓய்வு, அதிகாரத்திலிருந்து இல்லை. எங்கள் குடியிருப்பின் போதை ஒழிப்புக் கழகத்துக்கு அவர்தான் செயலாளர். மாதாமாதம் ஊர்வலம் உண்டு. முன்னால் பேனர், பேனரின் ஒரு முனையில் மாமா. முடிவில் எல்லாரையும் கையை நீட்டச் சொல்லி உறுதிமொழி வாங்குவார். ‘உண்ண மாட்டேன், குடிக்க மாட்டேன், புகைக்க மாட்டேன்.’ அதை எழுதியவரும் அவரே. ஊர்வலம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் இரண்டு முட்டியையும் பிடித்துக்கொண்டு முனகுவார். ஓடு ஓடு என்று பிள்ளைகளை விரட்டியே தேய்ந்துபோன முட்டிகள்.

“நம்ம வீட்டுப் பிள்ளைக்குக் கஞ்சாவா? நாளைக்கு நான் எந்த முகத்தோட பேனர் பிடிப்பேன்?” என்றார்.

பிள்ளை வலிப்பில் கிடக்கிறாள், இவருக்குப் பேனர் கவலை. அவர் மனைவி, என் ஓரகத்தி, தெருவில் நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்டார். அந்த நாலு பேர் யாரென்று இதுவரை யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஒருநாளாவது வந்து சிட்டுவைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருந்தால் அடையாளம் தெரிந்திருக்கும். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டிருக்கும் என் நாத்தனார், பிள்ளை பெரியவளானால் கல்யாணத்துக்கு இது இடைஞ்சலாகாதா என்றார். என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பெயிண்ட் கடையில் வண்ணம் கலக்கிறவர். ஆயிரம் நிறம் கலப்பார். அண்ணன் எதிரில் உட்கார்ந்தால் அவருக்கு வருவது ஒரே நிறம், வெளிறிய நிறம்.

டாக்டர் எனக்கு விளக்கியதை நான் அவர்களுக்கு விளக்கினேன். அந்தச் செடியில் நூற்றுக்கு மேல் சேர்மங்கள் இருக்கின்றன. போதை தருவது ஒன்று. இது வேறொன்று, போதை தராது. அதை மட்டும் பிரித்துச் சுத்தம் செய்து எண்ணெயில் கலந்திருக்கிறார்கள். சிட்டுவுக்கு இருக்கிற மாதிரியான வலிப்புக்குப் பல பிள்ளைகளிடம் நன்றாக வேலை செய்திருக்கிறது. எல்லாருக்கும் கேட்கும் என்று சொல்ல முடியாது. தூக்கம் வரலாம், வயிறு கெடலாம், ஈரலைச் சோதிக்க அவ்வப்போது ரத்தம் எடுக்க வேண்டும். திராட்சையிலிருந்து சாறும் வருகிறது, சாராயமும் வருகிறது. சாறு குடித்த பிள்ளையைக் குடிகாரி என்பீர்களா என்றுகூடக் கேட்டேன். கல்லில் நார் உரிப்பது இதைவிடச் சுலபம்.

கடைசியில் நான் சொன்னது இதுதான். “சரி, வேணாம். அடுத்த தடவை வலிப்பு வரும்போது நான் வேலைக்குப் போயிடுவேன். வேணாம்னு சொல்றவங்க புடிச்சுக்குங்க.”

கூட்டம் கலைந்தது. மருந்து வீட்டுக்கு வந்தது.

சும்மா வரவில்லை. அதன் விலையைக் கேட்டால் நமக்கே வலிப்பு வரும். ஆஸ்பத்திரியில் ஒரு சிறப்புத் திட்டத்தில் சில பிள்ளைகளுக்கு மட்டும் இலவசமாகக் கொடுத்தார்கள். பின்னால் ஒரு பெரிய வரிசை காத்திருந்தது. ஒழுங்காகக் கொடுக்காத வீட்டிலிருந்து மருந்தைத் திரும்ப வாங்கி அடுத்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்று டாக்டர் முதலிலேயே சொல்லியிருந்தார். அடுத்த சந்திப்பு வரைக்கும் சேர்த்து ஒரு பெரிய பழுப்புப் பாட்டில். ஊசி இல்லாத சிறு சிரிஞ்சில் உறிஞ்சி, காலையும் மாலையும் சிட்டுவின் கன்னத்துக்குள் விடவேண்டும். ஏதோ பழ வாசனை சேர்த்திருந்தார்கள். எந்தப் பழம் என்று அந்தப் பழத்துக்கே தெரியாது. பாட்டிலைச் சமையலறை அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன்.

முதல் மாதத்திலேயே தெரிந்தது. நாளுக்குப் பலமுறை வந்த வலிப்பு வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் குறைந்தது. விழுந்தால் அடிபடாமல் இருக்கப் போட்டிருந்த தலைக்கவசத்தை வீட்டுக்குள் கழற்றி வைத்தோம். அவளுக்கு இத்தனை முடி இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. ஒருநாள் ஜன்னலருகே நின்றுகொண்டு, “அம்மா, பஸ் காலியா போகுது” என்றாள். அவ்வளவு நீளமாக அவள் பேசி நான் கேட்டதில்லை. அன்று வேலைக்குப் போய் நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டே இருந்தேன். நான் இருப்பது ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார் பிரிவில். ஒருவர் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார். நன்றி ஐயா, வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று மனதாரக் கேட்டேன்.

பிள்ளை தேறியது எல்லாருக்கும் சந்தோஷம்தான். அதோடு வீட்டில் ஒரு புது மரியாதையும் பிறந்தது, அந்தப் பாட்டில் மேல். கஞ்சா என்று முகம் சுளித்தவர்கள் மூலிகை என்று சொல்லத் தொடங்கினார்கள். ஓரகத்திக்குக் கைபேசியில் வீடியோ வந்துகொண்டே இருந்தது. தலைவலி, தூக்கமின்மை, சர்க்கரை, சொட்டை எல்லாவற்றையும் அந்தச் செடி தீர்த்துவிடுமாம். நான் டாக்டரிடம் கேட்டதற்கு, சில வகை வலிப்புக்கு உறுதியான ஆதாரம் இருக்கிறது, மற்றதில் பலவற்றுக்கு ஆராய்ச்சி நடக்கிறது, சொட்டைக்கு ஆசை மட்டும்தான் இருக்கிறது என்றார். வீட்டில் வந்து சொன்னேன். டாக்டர்கள் எதையும் மறைப்பார்கள் என்றார் ஓரகத்தி. அவருக்கு இருபது வருட ஒற்றைத் தலைவலி. நாத்தனாருக்குத் தூக்கம் வராது. மாமாவுக்கு முட்டி.

இங்கே எங்கள் வீட்டுச் சட்டம் ஒன்றைச் சொல்லவேண்டும். சமையலறைச் சுவரில் மாமா தம் கையால் எழுதி ஒட்டியது: ‘எடுத்தவர் நிரப்பி வைக்கவும்.’ தண்ணீர் ஜாடியில் ஆரம்பித்த சட்டம் சர்க்கரை டப்பா, சோப்புத்தூள் என்று பரவி, வீட்டின் மதமாகவே ஆகிவிட்டது. எதை எடுத்தாலும் எடுக்கும் முன் இருந்த மட்டத்துக்கு நிரப்பி வைத்துவிட வேண்டும். நிரப்பிவிட்டால் எடுத்ததாகக் கணக்கில்லை. எங்கள் வீட்டில் திருட்டே கிடையாது என்று மாமா பெருமையாகச் சொல்வார்.

இரண்டாவது மாதத்தில் சிட்டு மறுபடி விழ ஆரம்பித்தாள். முதலில் ஏதோ காய்ச்சல் என்று நினைத்தேன். பிறகு நாளுக்கு ஒன்று, அப்புறம் பழையபடி. தலைக்கவசம் திரும்ப ஏறியது. அதை மாட்டும் முன்பே குளியலறை வாசலில் விழுந்து உதடு கிழிந்து தையல் போட்டோம். ஜன்னலருகே நின்று ஒன்றும் சொல்லாமல் வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள். டாக்டருக்குப் போன் செய்தேன். அளவைக் கூட்டிக் கொடுக்கச் சொன்னார். கூட்டிக் கொடுத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. வாயில் விடும்போது முன்பெல்லாம் முகத்தைத் திருப்புவாள். இப்போது சமர்த்தாக விழுங்கினாள். பழகிவிட்டது என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

சந்திப்பு நாளில் ரத்தம் எடுத்தார்கள். முடிவு வந்ததும் டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். என்னைவிடச் சிறியவர். குரலை உயர்த்தாமல் பேசுகிறவர்.

“மருந்த ஒழுங்கா குடுக்கறீங்களா?”

“ரெண்டு வேளையும் நான்தான் குடுக்கறேன்.”

“ரத்தத்துல அது இருக்கற மாதிரியே தெரியலையே.”

நாள் முழுக்க அடுத்தவர் செய்த தப்புக்குத் திட்டு வாங்குவது என் பிழைப்பு. ஆனால் அங்கே ஒரு காதில் வாங்கி மறு காதில் விடலாம். இங்கே முடியவில்லை. நான் பெற்ற பிள்ளைக்கு நானே மருந்தை மறுத்தேன் என்று ஒருவர் அவ்வளவு அமைதியாகச் சொல்லும்போது, கோபம்கூட வரவில்லை. பாட்டிலை மேசை மேல் வைத்தேன். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். பழம் போன இடம் தெரியவில்லை. எங்கள் வீட்டு அடுப்படி வாசனை அடித்தது.

பாட்டிலைப் பரிசோதனைக்கு அனுப்புவதாகவும், முடிவு வரும் வரை புது மருந்து இல்லை என்றும் சொல்லிவிட்டார். திட்டத்தில் சிட்டு இருப்பாளா மாட்டாளா என்பதும் அப்போதுதான் தெரியுமாம்.

ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் எல்லாரையும் உட்கார வைத்து நடந்ததைச் சொன்னேன். யாரையும் குற்றம் சாட்டவில்லை. புகார் பிரிவில் கற்றது அது: நடந்ததை மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இருந்தால், எதிரில் இருப்பவர் தானாகப் பேசுவார்.

நாத்தனார்தான் முதலில் உடைந்தார். “தினம் ஒரே ஒரு ஸ்பூன்தான் எடுத்தேன். தூங்கி எத்தனை வருஷமாச்சு தெரியுமா? ஆனா எடுத்த அளவு எண்ணெய அப்பவே ஊத்தி வெச்சுட்டேன். சத்தியமா ஒரு சொட்டுகூடக் குறைக்கல.”

“நீங்களுமா?” என்றார் ஓரகத்தி. சொல்லிவிட்டுத்தான் தாம் என்ன சொன்னோம் என்பது அவருக்கே புரிந்தது. அவரும் தினம் ஒரு ஸ்பூன். அவரும் நிரப்பி வைத்தவர். இன்னொருவர் எடுப்பது இருவருக்கும் தெரியாது. பாட்டிலின் மட்டம் குறையவில்லை, ஆகவே மருந்தும் குறையவில்லை. இருவருக்கும் மனசாட்சி சுத்தம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்கள். இவர்கள் நெய்யை எடுத்துக்கொண்டு எண்ணெயை நிரப்பிவிட்டு, நேர்மையாகவும் இருந்திருக்கிறார்கள். கழுதை தேய்ந்து கட்டெறும்பான மாதிரி மருந்து தேய்ந்து சமையல் எண்ணெய் ஆகியிருந்தது. அதைத்தான் நான் அளவு பார்த்து, காற்றுக்குமிழி இல்லாமல் உறிஞ்சி, என் பிள்ளை வாயில் விட்டுக்கொண்டிருந்தேன்.

கத்தினேன். என்ன சொன்னேன் என்று எழுதினால் அச்சில் ஏறாது. இரண்டு பெண்களும் அழுதார்கள். மாமா தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வழக்கமாக அடுத்தவர் தப்பு செய்தால் அவருக்கு ஒரு மணி நேரத்துக்குப் பேச்சு வரும். அன்று திருடனுக்குத் தேள் கொட்டியது போல இருந்தார். போன மாதம் ஊர்வலம் முடிந்து வந்தபோது அவர் முட்டியைப் பிடித்து முனகாதது எனக்கு நினைவுக்கு வந்தது.

“மாமா, நீங்க?”

“நான் செயலாளர்மா. என் வாயில அது பட்டிருந்தா இந்த வாய் அழுகிப் போகட்டும்.”

அவ்வளவு உறுதியாகச் சொன்னதால் நம்பினேன். சத்தியத்தைக் கவனமாகக் கேட்டிருக்க வேண்டும்.

மறுநாள் டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லாரும் ரத்தம் கொடுங்கள், அந்தச் சேர்மம் கொழுப்பில் தங்கி மெதுவாகத்தான் போகும், தொடர்ந்து குடித்தவர்கள் யாரென்று தெரிந்துவிடும் என்றார். எல்லாரும் கொடுத்தோம். என் கணவர் ஊசியைப் பார்த்து மயங்கி விழுந்தார். மாமா சட்டைக் கையை மடித்து, ராணுவத்தில் சேருகிறவர் மாதிரி நீட்டினார்.

முடிவு வரும் வரை மருந்து இல்லாமல் சிட்டு பட்ட பாட்டை நான் விவரிக்கப் போவதில்லை. அவளை மடியில் பக்கவாட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருப்பேன். ஓரகத்தி ஈரத்துணியோடும் நாத்தனார் தலையணையோடும் ஓடி வருவார்கள். மாமா வாசற்படியில் நிற்பார். உள்ளே வரமாட்டார், போகவும் மாட்டார்.

முடிவு சொல்லக் கூப்பிட்டபோது எல்லாரையும் வரச் சொன்னார் டாக்டர். மூன்றாவது மாடி. அவருடைய சின்ன அறையில் நாற்காலி போதாமல் நின்றோம். சிட்டு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ஓரகத்தி, நாத்தனார் இருவர் ரத்தத்திலும் அந்தச் சேர்மம் இருந்தது. என் ரத்தத்தில் இல்லை, கணவர் ரத்தத்தில் இல்லை. மாமா ரத்தம் சுத்தம். அதைக் கேட்டதும் மாமா நிமிர்வார் என்று பார்த்தேன். நிமிரவில்லை.

டாக்டர் ஒரு தாளைப் பார்த்துக்கொண்டே பேசினார். “இவங்க ரெண்டு பேரும் எடுத்ததையும் பிள்ளைக்குக் குடுத்ததையும் கூட்டிப் பார்த்தேன். அப்படியிருந்தும் பாட்டில்ல இன்னும் நல்ல அளவு மருந்து மிச்சம் இருக்கணும். இல்ல. பாதிக்கு மேல கணக்குல வரல. வீட்ல வேற யாரும் குடிக்கல. அப்போ அது வீட்ட விட்டு வெளிய போயிருக்கணும்.”

தாளைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். “வெளிய இதுக்கு என்ன விலைன்னு உங்களுக்குத் தெரியும்.”

மருந்தை மறுத்தவளாக இருந்த நான் இப்போது மருந்தை விற்றவள். விற்றதாக முடிவானால் சிட்டுவின் இடம் போய்விடும். அது எனக்கும் தெரியும், அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். வாயைத் திறந்தேன். நான் விற்கவில்லை என்பதைத் தவிரச் சொல்ல ஒன்றுமில்லை. விற்றவளும் அதைத்தானே சொல்வாள்.

“டாக்டர், அது வெளிய போகல,” என்றார் மாமா.

குனிந்து தமது கால்சட்டையை முட்டிக்கு மேலே சுருட்டினார். முதலில் ஒரு கால், பிறகு இன்னொரு கால். வழவழவென்று மின்னின, அப்படி ஒரு முட்டியை அவர் வயதில் யாரிடமும் பார்க்க முடியாது.

“இங்கதான் போச்சு. ஒவ்வொரு முட்டிக்கும் ஒரு உள்ளங்கை நிறைய, காலையும் சாயங்காலமும். குடிக்க மாட்டேன்னு உறுதிமொழி எடுத்தவன், அதனால குடிக்கல. தேய்ச்சேன். மட்டம் பார்த்து எண்ணெய் ஊத்தி வெச்சேன்.”

டாக்டர் அவரையும் முட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். “தோல்ல தேய்ச்சா ரத்தத்துக்குப் பெருசா போகாது. ரிப்போர்ட்ல நீங்க சுத்தம். நீங்க சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது.”

“தெரியும் டாக்டர். அதத்தான் ஒரு வாரமா வேண்டிக்கிட்டு இருந்தேன்.”

ஒருமுறை சிட்டுவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் பேச்சு தடுமாறியது. “எழுதிக்குங்க. இந்தப் பொண்ணு மேல ஒரு தப்பும் இல்ல. கழகத்துக்கும் நானே சொல்லிடறேன். பிள்ளைக்கு மட்டும் நிறுத்திடாதீங்க.”

டாக்டர் உள்ளங்கை அளவைக் கேட்டுக் கேட்டுத் தாளில் எழுதினார். கூட்டினார். கணக்கு நேர்பட்டது. மருந்து தொடரும் என்றார். ஆனால் இனிப் பெரிய பாட்டில் கிடையாது. வாரத்துக்குச் சின்ன பாட்டில், அம்மா பூட்டி வைக்கவேண்டும், ஒவ்வொரு வாரமும் மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டவேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கக் கை காலியில்லை.

கிளம்பும்போது மாமாவுக்கு ஆசை விடவில்லை. “ஆனா ஒண்ணு டாக்டர். முட்டி வலி நெஜமாவே போயிடுச்சு.”

“தினம் ரெண்டு வேளை யாராவது தேய்ச்சா போகும் சார். எந்த எண்ணெயா இருந்தாலும்.”

வெளியே லிப்ட் வாசலில் கூட்டம். படியில் இறங்கலாம் என்றேன். மற்றவர்கள் முன்னே போனார்கள். மாமா என் பக்கத்திலேயே நின்றார். திட்டுவதாக இருந்தால் இங்கேயே திட்டிவிடும்மா, தெருவில் வேண்டாம் என்றார். திட்டுவதற்கு என்னிடம் சரக்கு இல்லாமலில்லை. கிழிந்த உதட்டுக்கு ஒன்று, தலைக்கவசத்துக்கு ஒன்று, காலியாகப் போன பஸ்ஸைப் பற்றி அவள் சொல்லாமல்போன நாளுக்கெல்லாம் ஒவ்வொன்று. உண்மையைச் சொன்னாரே என்று என் மனம் இளகியது நிஜம். அதற்காக மன்னித்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

சிட்டுவைத் தோளிலிருந்து எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவள் மருந்தில் தேறிய முட்டிகள் அவளைச் சுமக்கட்டும்.

இரு கையாலும் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இரண்டாவது மாடி திருப்பத்தில் மூச்சு வாங்கியது. கைப்பிடியைப் பிடிக்கப் போனவர், பிள்ளை நழுவிவிடுவாள் என்று கையை எடுத்துக்கொண்டார்.

“வலிக்குதா மாமா?”

“வலிக்குதும்மா.”

“நல்லது. மெதுவா இறங்குங்க,” என்றேன்.